மெலாவத்திக் குன்றில் கேட்ட இருமல்

இது நிஜமாக நடந்தது. சந்தேகம் இருந்தால் செரண்டாவில் குடியிருக்கிற குமுதாவையே போய்க் கேட்கலாம். கேட்காமல் இருந்தால் நல்லது. பாவம், அழுதுவிடுவாள்.

குமுதாவின் அப்பா செல்லையா, புக்கிட் ரோத்தான் பக்கம் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர். இரவில் தோட்டத்து லய வீட்டு வாசலில் நின்றால் மெலாவத்திக் குன்றின் கலங்கரை விளக்கு தூரத்தில் சுழல்வது தெரியும். ஆயுசு முழுக்க அதைப் பார்த்தாரே தவிர, மேலே ஏறியதில்லை. மூட்டுவலி வந்து ஒரு கால் இழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆசையும் வந்தது. கோட்டையும் மியூசியமும் இருக்காமே, ஒருவாட்டி கூட்டிட்டுப் போம்மா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மகளும் அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஓவர்டைம் என்றால் முதல் ஆளாகப் பேர் கொடுக்கிறவளுக்கு இதற்கு மட்டும் நேரமில்லை. போன வருஷக் கடைசியில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சாவு விழுந்த வீட்டார் ஒரு வருஷத்துக்கு மலை ஏறக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். ஐந்தாம் மாதமே தொழிற்சாலைத் தோழிகள் கோலசிலாங்கூருக்கு ஒருநாள் சுற்றுலா கிளம்பினார்கள். வீட்டுக்காரர் அகிலன் வேண்டாம் என்றுதான் சொன்னார். "பத்துமலைக் கோயிலுக்கா போறேன்? மியூசியம்தானே, அங்க சாமியா இருக்கு?" என்று அவர் வாயை அடைத்துவிட்டுப் போனாள்.

மெலாவத்திக் குன்றின் அடிவாரத்தில், மேலே ஏறும் டிராம் வண்டிக்கு டிக்கெட் வாங்கும்போதுதான் மனசு கேட்கவில்லை. "வாங்கப்பா, கூட்டிட்டுப் போறேன்" என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். துக்கத்தில் தானாக வந்த வார்த்தை.

டிக்கெட் கொடுத்த பெண் கண்மணி, அவளுக்குப் பின்னால் பார்த்து, மெதுவா ஏறச் சொல்லுங்க, படி வழுக்கும் என்றாள். தோழிகளில் யாரையோ சொல்கிறாள் என்று குமுதா எண்ணிக்கொண்டாள்.

டிராமில் எல்லாரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அவள் பக்கத்து இடத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

மேலே குரங்குகள். பயற்றங்காயை நீட்டினால் தோளிலேயே ஏறிக்கொள்ளும் சாதுக் குரங்குகள். குமுதாவிடம் ஒன்றுகூட வரவில்லை. அவளுக்குப் பக்கத்தில், ஓர் ஆள் உயரத்தில், எதையோ பார்த்துப் பல்லைக் காட்டின...

மணி நாலே முக்கால். மியூசியம் மூடப்போகிற நேரம். தோழிகள் பீரங்கிகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். குமுதா தனியாக உள்ளே போனாள். பழைய வாள்கள், மண்பானைகள், கண்ணாடிப் பெட்டிகள். வேறு ஆளே இல்லை.

சரக்... சரக்...

ஒரு காலை இழுத்து நடக்கிற சத்தம்.

அவள் நின்றாள். அதுவும் நின்றது.

கண்ணாடியில் அவள் முகம் மட்டும் தெரிந்தது. கோடாலித் தைல வாசனை வந்தது.

பிறகு இருமல். இரண்டு சின்ன இருமல், ஒரு நீள இருமல். பிறந்ததிலிருந்து அடுத்த அறையில் கேட்ட இருமல்.

"குமுதா..."

குரலில் கோபமே இல்லை.

அவள் ஓடினாள்.

திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பு ஒன்று கழன்றது. எடுக்கவில்லை. கிளம்பிக்கொண்டிருந்த டிராமில் தாவி ஏறினாள்...

தோழிகளிடம் தலைசுற்றல் என்று சொல்லிச் சமாளித்தாள். அகிலனிடம்கூட வாய் திறக்கவில்லை. பயம் இரண்டு நாளில் தெளிந்துவிட்டது. ஆனால் அப்பாவின் குரல் என்று தெரிந்தே ஓடினோமே என்ற நினைப்பு அவளை அரித்துத் தின்றது. கூப்பிட்டதும் அவள்தான், விட்டுவிட்டு ஓடியதும் அவள்தான்.

சில வாரம் கழித்து, அப்பாவின் வீட்டைப் பார்க்கப் போனபோது, புக்கிட் ரோத்தான் சந்தையில் டிக்கெட் கொடுத்த கண்மணியே அவளை அடையாளம் கண்டு வந்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

"என்னக்கா, வயசானவர இப்படியா விட்டுட்டுப் போறது? கடைசி டிராமுக்கு வாங்கன்னா வர மாட்டேங்கிறாரு லா."

அன்றைக்கா என்று குமுதா கேட்டாள்.

"நேத்தும் அங்கதான் இருந்தாரு. தினமும் சாயந்திரம் மியூசியம் வாசல்லதான் குந்தியிருக்காரு. வீட்டுக்குப் போன் போட்டுத் தரவான்னு கேட்டேன். வேணாம்னுட்டாரு."

கண்மணியின் குரல் தணிந்தது.

"'எம்மக என்னைய விட்டுட்டுப் போறவ இல்லம்மா. இங்கதான் எங்கயோ இருப்பா. நான் நகந்துட்டா, பாவம், தேடி அலைவா'ன்னு சொல்றாருக்கா."