நாற்றுக்கு வயது உண்டு

எங்கள் வீட்டு பீரோவில், துணிகளுக்கு அடியில், வழவழப்பான ஒரு புத்தகம் கிடக்கிறது. கல்லூரி முடித்ததும் நான் வெளிநாட்டில் வேலை பார்த்த தொண்டு நிறுவனம் வருஷா வருஷம் போடும் அறிக்கை அது. உள்ளே ஒரு படம். வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு அம்மா முழங்கால் சேற்றில் நின்று, கை நிறைய நெற்பயிரை வைத்துக்கொண்டு சிரிக்கிறார். பயனாளிகளோடு சேர்ந்து நடவு செய்கிறார் என்று கீழே ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது.

பொய். அந்த வயலில் நடவு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்த அம்மா கையில் இருப்பது அப்போதுதான் வேரோடு பிடுங்கிய பயிர். பக்கத்து வரப்பில் நின்று என் கண்ணால் பார்த்தேன்.

அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது. "கோயிலுக்குப் போயிட்டு வந்த நெத்தி விபூதி கூட அழியல, அதுக்குள்ள இப்படிக் கோபப்படலாமா?" என்று மனைவி கேட்கிறாள். படலாம் என்றுதான் நினைக்கிறேன். சாமி பேரைச் சொல்லி நடந்த பொய் அது. நானும் அதில் மூன்று நாள் கூட்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் திருக்காட்டுப்பள்ளி பக்கம். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று பறித்து, நடவு நட்டு வாழ்ந்தவர்கள். பிறகுதான் அப்பா கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, சொந்தமாகச் சாகுபடி செய்தார். நான் தட்டுத் தடுமாறி ஒரு பி.ஏ. முடித்தேன். அந்த வருஷம்தான் தஞ்சாவூரில் ஒரு நேர்முகத் தேர்வு. தான்சானியாவில் பெண்கள் சங்கம் ஒன்று நெல் பயிர் செய்கிறது, கூட இருந்து வேலை பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். "நாற்று விடத் தெரியுமா?" என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பட்டத்தைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை.

புறப்படுவதற்கு முன் சுவாமிமலைக்குப் போனேன். அறுபது படியும் ஏறி, "முருகா, போற எடத்துல தப்பு எதுவும் செய்யாம பாத்துக்க" என்று வேண்டிக்கொண்டு வந்தேன். எங்கள் தெருவிலிருந்து விமானம் ஏறிய முதல் ஆள் நான்தான்.

அங்கே போய் இறங்கினால், மண்ணும் சேறும் வாய்க்காலும் எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருந்தன. பாஷைதான் புதுசு. அதிலும் ஓர் அதிசயம் பாருங்கள். நமக்கு வயலில் நிற்பது நெல், மூட்டையில் இருப்பது அரிசி, தட்டில் விழுவது சோறு. அவர்களுக்கும் அப்படியே மூன்று பேர்: ம்புங்கா, ம்செலே, வாலி. எங்கள் ஆபீஸில் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே பேர்தான், ரைஸ்.

வயதில் மூத்த பெண்களை அங்கே 'மாமா' என்றுதான் கூப்பிட வேண்டும். அம்மா என்று அர்த்தம். போனில் இதைச் சொன்னதும் எங்கம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "பொம்பளைய மாமாங்கிறியா? அந்த அம்மா உனக்குப் பொண்ணு கொடுக்கப் போறாளாடா?" சங்கத்துத் தலைவிக்கு எனக்குத் தெரிந்த அரைகுறை பாஷையில் இதை விளக்கிச் சொன்னேன். அன்றிலிருந்து அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு வாத்தியாரே, எது வேணும்?" என்று கேட்டுக் கேலி பண்ண ஆரம்பித்துவிட்டாள். கைவேலையில் அவளுக்கு நான் வாத்தியார் இல்லை. வரிசை பிடித்து, இடைவெளி விட்டு நடுவதை மட்டும்தான் நான் காட்டிக் கொடுத்தேன். மற்றதெல்லாம் அவளுக்கே தெரியும்.

விதை விட்ட அன்றைக்கு நான் ஒரு காரியம் செய்தேன். வடகிழக்கு மூலையை எங்கள் பக்கம் சனி மூலை என்போம். நாற்றங்காலின் சனி மூலையில் ஒரு பிடி மண்ணைப் பிள்ளையாராகப் பிடித்து வைத்து, அருகம்புல் செருகிக் கும்பிட்டுவிட்டு, முதல் கை விதையைத் தெளித்தேன். பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். என்ன என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் நல்ல நாள் பார்த்து, சாமியைக் கும்பிட்டுத்தான் விதைப்போம், நடுவோம் என்றேன். நல்ல நாளுக்கு அவர்கள் பாஷையில் 'சிகு ஞ்ஜெமா'. தலைவியும் கண்ணை மூடி அவளுடைய ஜெபத்தைச் சொன்னாள். அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரையும் எதற்கும் இழுக்கவில்லை.

நாற்று நன்றாக வந்தது. அது நாலு மாதப் பயிர். நாலு மாதப் பயிருக்கு நாலு வாரத்து நாற்று என்பது எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தாண்டினால் நாற்றங்காலிலேயே கணு விட்டுவிடும். அப்புறம் நட்டாலும் தூர் கட்டாது. ஒற்றைக் குச்சியாக நின்று குட்டைக் கதிர் விடும். அந்தப் பெண்களுக்கு வருஷத்தில் அந்த ஒரு போகம்தான். அதில் வருவதுதான் அடுத்த மழை வரைக்கும் வீட்டுச் சோறு.

நிறுவனத்துக்கு உதவி செய்கிறவர்கள் வெளிநாட்டிலிருந்து பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் முன்னால் நடவு நட வேண்டும், படம் எடுக்க வேண்டும் என்று ஆபீஸில் முடிவு செய்து, நாற்றின் இருபத்தேழாம் நாளுக்கு ஏற்பாடு செய்தார்கள். சரி, பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று நானும் இருந்தேன். முதல் நாள் மேலாளர் வந்து, வருகை பன்னிரண்டு நாள் தள்ளிப் போய்விட்டது, அதுவரை நடக் கூடாது என்றார்.

அந்த மேலாளர் வெள்ளைக்காரர் இல்லை. சென்னைக்காரர், நம்ம ஆள்.

"சார், நாத்து முத்திடும் சார். முப்பத்தொம்பது நாள் ஆயிடும்."

"பத்து நாள்ல என்ன தம்பி ஆயிடப் போவுது? ரைஸ்தானே."

"அவங்க ஒத்துக்க மாட்டாங்க சார்."

"நீங்க சொன்னா கேப்பாங்க. நம்ம ஊர்ல நாள் பாக்கறது எல்லாம் சொல்லி வச்சிருக்கீங்களாமே? அதையே சொல்லுங்க. விசிட்டர்ஸ் வர்ற அன்னிக்குத்தான் நல்ல நாள்னு."

நான் சொல்லவில்லை. அவரே நேராகப் பெண்களிடம் போய், ஆபீஸ் மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சொன்னார். உங்கள் வாத்தியாருடைய சாமி கணக்குப்படி அன்றைக்குத்தான் சிகு ஞ்ஜெமா என்றார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

வேலை போய் ஊருக்குத் திரும்பினால் தெருவில் எப்படி முகத்தைக் காட்டுவது என்ற பயம். வேறு ஒன்றும் இல்லை. அந்த மூன்று நாளும் காலையில் விபூதியை எடுத்தால் கை நெற்றிக்குப் போகவில்லை. அப்படியே டப்பாவில் போட்டு மூடினேன்.

நாற்றுக்கு இருபத்தொன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து பெண்கள் நாற்றங்கால் வழியாக வந்தார்கள். தலைவி ஒரு நாற்றைப் பிடுங்கி, அடித்தண்டை நகத்தால் கீறிப் பார்த்தாள்.

"வாத்தியாரே, இங்க பாரு. கெட்டியாவுது. உன் சாமி கணக்குல தப்பு ஒண்ணும் இல்லியே?"

"மாமா, அது சாமி சொன்ன நாள் இல்ல. ஆபீஸ் சொன்ன நாள்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உன் சாமிக்கு ஆபீஸ் வேற இருக்கா?"

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"மூணு நாளா உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் மாமா."

"அப்ப வாயில என்ன, சேறா?"

கையிலிருந்த நாற்றை என்னிடம் நீட்டிக் கேட்டாள்: "நாளைக்கு நட்டா பயிர் தேறுமா?"

"தேறும். அதுக்கு மேல தள்ளக் கூடாது."

"விடியறதுக்குள்ள வந்து சேரு. இல்லாட்டி உன்னையும் ஒரு வரிசையில ஊனிடுவோம்."

மறுநாள் பொழுது சாய்வதற்குள் நட்டு முடித்தோம். என் இடுப்பு ஒடிந்து போயிற்று. அன்று ராத்திரி குளித்துவிட்டு விபூதி பூசினேன்.

ஒன்பது நாள் கழித்து மூன்று கார் வந்தது. வயலைப் பார்த்ததும் மேலாளருக்கு முகம் கறுத்தது.

"யாரைக் கேட்டு நட்டாங்க?"

"நான்தான் சொன்னேன் சார்."

அவர் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். "சரி, ஒரு மூலைய மட்டும் பிடுங்கித் திருப்பி நடச் சொல்லுங்க. படம் எடுத்ததும் போயிடுவாங்க."

வேர் ஊன்றி, பச்சை கட்டி, அப்போதுதான் தலை நிமிர்ந்த பயிர். அதைப் பிடுங்கச் சொல்கிறார்! நெல்லை மிதித்துவிட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீட்டில் பிறந்தவனிடம், நம்ம ஊர்க்காரர் ஒருவர் கூசாமல் சொல்கிறார்.

"நான் சொல்ல மாட்டேன் சார்."

"நீங்க இல்லாட்டி வேற ஆள் இருக்கு."

மொழிபெயர்ப்பாளர்தான் சொன்னார். அவரும் பாவம், தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். தலைவி இடுப்பில் கை வைத்துக் கேட்டுக்கொண்டாள். "நடவு முடிஞ்சுபோச்சு. களைதான் இருக்கு. வந்தவங்கள எறங்கச் சொல்லு."

தொப்பி போட்ட அம்மா ஆசையாக இறங்கினார். நல்ல மனுஷி, அவர்மேல் எனக்குக் கோபமே கிடையாது. களை எது, பயிர் எது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு கைப்பிடி நெற்பயிரைப் பிடுங்கி உயர்த்திச் சிரித்தார். கேமரா அடித்தது. அதுதான் அந்தப் படம். கார்கள் போன பிறகு தலைவி அந்தப் பயிரை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய இடத்திலேயே ஊன்றினாள். அன்றைக்கு அங்கே நடந்த ஒரே நடவு அதுதான். அதைப் படம் எடுக்க ஆள் இல்லை.

வருஷக் கடைசியில் என் வேலையை நீட்டிக்கவில்லை. வேலையில் மதத்தைக் கலக்கிறார் என்று எழுதியிருந்தார்கள். சனி மூலையில் ஒரு பிடி மண்ணைக் கும்பிட்டது மதமாம். சாமி சொன்ன நாள் என்று ஏழைப் பெண்களிடம் பொய் சொல்வது நிர்வாகமாம். அந்தக் காகிதத்தை அங்கேயே கிழித்துப் போட்டேன். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில், அறுப்பைப் பார்க்காமலே விமானம் ஏறினேன்.

நான் பயந்தபடியே ஊரில் பேசினார்கள். "ஃபாரின் வேலைய விட்டுட்டு வந்து நிக்கிறான் பாரு, பொழைக்கத் தெரியாதவன்" என்று டீக்கடையில் என் காது படவே சொன்னார்கள். அப்பா மட்டும் நடந்ததை எல்லாம் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"நட்டப்ப நாத்து எத்தனை நாளு?"

"முப்பதுப்பா."

விரல் மடக்கிப் பார்த்தார். "ரெண்டு நாள் கூடத்தான். பரவால்ல, தூர் கட்டியிருக்கும்."

கட்டியிருந்தது. இரண்டு மாதம் கழித்துப் போனில் தலைவியின் குரல் வந்தது. பின்னால் தட்டுச் சத்தம், பிள்ளைகள் சத்தம். அவள் வாய் நிறைய எதையோ மென்றுகொண்டே பேசினாள்.

"வாத்தியாரே, வாலி தின்னுக்கிட்டிருக்கோம். உன் சாமியோட ஆபீஸ்ல சொல்லிடு."