க்ரோனிங்கன் பார்க்கப் போன நர்ஸ் தெரசம்மாள்

1982ஆம் வருஷம், ஈஸ்டர் முடிந்த மறுவாரம், கொடைக்கானல் நாயுடுபுரத்துத் தெரசம்மாளுக்கு க்ரோனிங்கனிலிருந்து ஒரு கனத்த கடிதம் வந்தது. ஹாலந்து தேசத்தின் வடகோடியில் இருக்கிற நகரம் அது. எழுதியவள் ஆன்யா. அங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் ஐந்து வருஷம் தெரசம்மாளோடு ஒரே வார்டில் நர்ஸாக இருந்தவள். மலைக்குக் கீழே ரோடு இல்லாத வெள்ளகவி கிராமத்தில் ஒருத்திக்கு இடுப்பு வலி என்று ஆள் வந்தால், இருவரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்குவார்கள். செங்குத்தான இடங்களில் ஆன்யாவுக்குக் கால் வழுக்கும். தெரசம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொள்வாள். ஆன்யா ஊர் திரும்பிய பிறகும் மாதம் ஒரு கடிதம் தவறியதில்லை.

இந்தக் கடிதத்தோடு க்ரோனிங்கன் நகரத்தின் வரைபடமும் இருந்தது. "அடுத்த வருஷம் மே மாதம் வா. மூன்று மாதம் என்னோடு இரு. டிக்கெட் என் பொறுப்பு. எங்கள் ஊரில் எல்லோரும் சைக்கிளில்தான் போவோம். உனக்கென்று ஒன்று துடைத்து வைத்திருக்கிறேன்."

தெரசம்மாள் அதை ஆஸ்பத்திரித் துணி காயும் கொடிக்குக் கீழே நின்று மூன்று தடவை படித்தாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள். அண்ணன் மரியசூசை வீட்டில் இருந்தாள். மதுரைக்கு அப்பால் அவள் போனதில்லை. போவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள்.

கொத்தனார் வேலையிலிருந்து வந்த அண்ணன், விஷயத்தைக் கேட்டதும் கையலம்பக்கூட இல்லை.

"அங்க என்னத்தா சோலி ஒனக்கு?"

"ஒரு சோலியும் இல்லண்ணே. பாக்கணும்."

"பாக்கணும்னா? என்னத்த?"

"ஊரைத்தான்."

அவருக்கு அது பிடிபடவில்லை. வேலைக்குப் போகலாம், மடத்தில் சேரப் போகலாம், வைத்தியத்துக்குப் போகலாம். சும்மா பார்க்க யாராவது கடல் தாண்டிப் போவார்களா? மதினி கித்தேரியம்மாள் மட்டும் அடுப்படியிலிருந்து, "அங்க ரொம்பக் குளிருமோ?" என்று கேட்டாள்.

பாஸ்போர்ட்டுக்குப் பிறந்த தேதி வேண்டியிருந்தது. கோயிலில் ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்ததில், நாற்பத்து மூன்று என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு நாற்பத்தைந்து முடிந்திருந்தது. "ரெண்டு வருஷம் எங்க போச்சு ஃபாதர்?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். மெட்ராஸுக்கு விண்ணப்பம் போனது. இரண்டு மாதம் கழித்து, விசாரிக்கப் போலீஸ்காரர் செல்லப்பாண்டி வீட்டுக்கு வந்தார். நாயுடுபுரமே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது.

"என்ன விஷயமா போறீங்க?"

"டூர் சார்."

அவர் பேனாவை நிறுத்தினார். "டூருன்னா வெளியூர்க்காரங்க இங்க வர்றதுங்கம்மா. இங்கேருந்து போறதுமா?" என்றார். பிறகு, "ஏன், போகக் கூடாதா என்ன?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுதினார்.

அடுத்து சைக்கிள். மலையில் நடந்தே வளர்ந்தவள் அவள், மிதித்ததே இல்லை. ஏரிக்கரையில் வாடகை சைக்கிள் வைத்திருந்த மயில்சாமியிடம் போனாள். பழனிக்காரர். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அவள் கையில்தான் பிறந்தன. "வெள்ளனே வாங்க நர்சம்மா, கூட்டம் இருக்காது" என்றார்.

ஆறு மணிக்கு ஏரிச்சாலையில் பனி இறங்கிக் கிடக்கும். குறுக்குக் கம்பி இல்லாத சைக்கிளின் பின்சீட்டைப் பிடித்தபடி மயில்சாமி கூடவே ஓடுவார். "கீழ பாக்காதீங்க, தூரத்துல பாருங்க!" முதல் வாரம் நாலு தடவை விழுந்தாள். ஒரு தடவை வேலியோரச் செடிகளுக்குள் போய், சேலை கிழிந்து, முழங்கையில் தோல் உரிந்தது. வார்டில் தானே மருந்து போட்டுக்கொண்டாள். ஏரிக்கரையில் சவாரிக்குக் குதிரை வைத்திருந்தவர்கள் கைதட்டினார்கள்.

"ஊரே சிரிக்குது" என்றார் மரியசூசை.

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும்" என்றாள் கித்தேரியம்மாள். மறுநாள் சேலைக் கொசுவம் சக்கரத்தில் மாட்டாதபடி கணுக்காலில் கட்ட இரண்டு துணிப்பட்டை தைத்துக் கொடுத்தாள். மூன்றாம் வாரம் ஒருநாள், பின்னால் மயில்சாமியின் மூச்சுச் சத்தம் கேட்கவில்லையே என்று தெரசம்மாள் திரும்பினாள். அவர் வெகு தூரத்தில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தார். அன்று ஏரியை முழுசாக ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

பிப்ரவரியில் பாஸ்போர்ட் வந்தது. லீவுதான் கிடைக்கவில்லை. பெரிய டாக்டர் சுவாமிநாதன் நல்ல மனுஷர். ஆனால் விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் 'ஊர் பார்க்க' என்றிருந்ததைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"மேல்பயிற்சின்னு எழுதுங்க தெரசம்மா. கமிட்டிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

"பயிற்சிக்குப் போகலையே டாக்டர்."

"ஒரு வார்த்தைதானே?"

"பொய் எழுதிட்டுப் போனா, அந்த ஊர்ல நிம்மதியா நடக்க முடியுமா?"

அவர் காகிதத்தை மேஜையிலேயே வைத்துவிட்டார். ஒன்பது நாள் அது அங்கேயே கிடந்தது. இந்த ஆசையே அதிகமோ என்று முதல் தடவையாக அவளுக்குப் பட்டது. வர முடியாது என்று ஆன்யாவுக்கு எப்படி எழுதுவது என்று மனசுக்குள் வாக்கியங்களை அடுக்கிப் பார்த்தாள். ஒன்றும் சரியாக வரவில்லை.

பத்தாம் நாள், அதே வார்டு நர்ஸ் ஜோசப்பின் யாரும் சொல்லாமலே டாக்டர் அறைக்குள் போனாள். "மூணு மாசமும் அக்கா டூட்டிய நானும் மத்தவங்களும் பிரிச்சுக்கிறோம் டாக்டர். வெள்ளகவிக்கு நான் எறங்கிப் போறேன். அக்கா போயிட்டு வரட்டும்" என்றாள். டாக்டர் தெரசம்மாளைக் கூப்பிட்டனுப்பினார். எழுதியதை ஒரு எழுத்துகூட மாற்றாமல், அதன் கீழேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மே மாதம் முதல் வாரம் மதுரை பஸ்ஸில் ஏறினாள். மரியசூசை பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெட்ராஸ் வரை கூடவே வந்தார். விமான நிலையத்தில் பெட்டியை அவள் கையில் கொடுத்தார். "வெரசா வந்துரு" என்று சொல்ல வாயெடுத்தவர், "மெதுவா பாத்துட்டே வா" என்றார்.

மூன்று வாரம் கழித்து முதல் கடிதம் வந்தது. மரியசூசை உரக்கப் படித்தார்.

"அண்ணனுக்கும் மதினிக்கும் தோத்திரம். இங்கே மேடே கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வானம் தரையைத் தொடுகிறது. முதல் இரண்டு நாள் எனக்குத் தலை சுற்றியது. ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கிறது. நேற்று ஆன்யாவோடு கடலைப் பார்க்கப் போனேன். கரையில் உயரமாக மண்ணை மேடு கட்டியிருக்கிறார்கள், அதன்மேல் ஆடு மேய்கிறது. தண்ணீர் உள்வாங்கியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் வெகுதூரம் நடந்தேன்."

மரியசூசை கடிதத்தை மடித்தார். மறுபடி பிரித்து, சேற்றில் நடந்த இடத்தை இன்னொரு தடவை படித்தார்.

"நான் இன்னும் கடலே பாத்ததில்லைங்க" என்றாள் கித்தேரியம்மாள்.

மரியசூசை மனைவி பக்கம் திரும்பினார். "செப்டம்பர்ல வேளாங்கண்ணித் திருநாள் வருதுல்ல" என்றார். "ஒரு வாரம் வேலைய நிப்பாட்டிட்டுப் போயிட்டு வருவோம்."