ஒருவருக்கு ஒன்றுதான்

தக்காளியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, குழி விழுந்ததைக் குவியலின் அடியில் புதைக்கிறார். அடுத்ததை எடுக்கிறார். அதற்கும் குழி. அந்தக் கட்டைவிரல் படாத ஒரு தக்காளியாவது மிஞ்சுமா என்று பின்னால் நிற்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். "எல்லாம் கொழகொழன்னு கெடக்கு" என்று குறைபட்டுக்கொண்டே நகர்கிறார். கொழகொழவென்று ஆக்கியவரே அவர்தான்.

எங்கள் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் பெண்கள் இவருக்கு வைத்திருக்கும் பெயர் ஆடிட்டர். உண்மையில் ஏதோ ஓர் அலுவலகத்தில் ஃபைல்களை அடுக்கி வைத்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி, கக்கத்தில் மடித்த துணிப்பை. தள்ளுவண்டியை ஓரமாக நிறுத்துவது என்பது அவர் பிறவியிலேயே கிடையாது. நடைவழிக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தை முதல் எழுத்திலிருந்து சத்தமாகப் படிப்பார். வழி கேட்டால், "ஒரே நிமிஷம்மா, என்ன, ரயிலா கெளம்பிடும்?" என்பார். படித்து முடித்ததை வாங்கவும் மாட்டார், எடுத்த இடத்தில் வைக்கவும் மாட்டார். ஷாம்பு பாட்டில்களுக்கு நடுவே செருகிவிட்டுப் போய்விடுவார்.

பால் எடுக்கும்போது பாதி உடம்பு குளிர்பெட்டிக்குள் இருக்கும். புதுப் பாலைக் கடைசி வரிசையில் ஒளித்து வைக்கிறார்களாம். "முன்னாடி அடுக்கறதெல்லாம் ஏமாளிங்களுக்கு" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும். முன்வரிசைப் பாக்கெட்டுகள் தரையில் விழும். கடைப்பெண் வந்து பொறுக்குவாள். திராட்சையை எடை போடுமுன் ருசி பார்த்தாக வேண்டும். ஒன்று, இனிக்கிறதா என்று பார்க்க. இன்னொன்று, முதல் திராட்சை சொன்னது நிஜமா என்று பார்க்க.

இத்தனைக்கும் மேல் அவருடைய பெரிய சாமர்த்தியம், மனைவியை அழைத்து வருவது. சலுகை விலைப் பொருள்களுக்கு மேலே 'ஒருவருக்கு ஒன்று' என்று அட்டை மாட்டியிருக்கும். இரண்டு வேண்டுமென்றால் இரண்டு ஆள் வேண்டும். அந்த இரண்டாவது ஆள்தான் அந்த அம்மாள். ஒரே வீடு என்று தெரிந்தால் தரமாட்டார்கள் என்று ஆடிட்டருக்குப் பயம். வாசலிலேயே பாடம் நடக்கும். "வேற வரிசையில நில்லு. என்னைத் தெரியாத மாதிரி இரு. நடுவுல என்னங்கன்னு கூப்பிட்டுத் தொலைக்காத." அந்த அம்மாள் தலையாட்டுவார். இவர்கள் புருஷன் பெண்டாட்டி என்பது கடையில் தரை துடைப்பவருக்குக்கூடத் தெரியும். தெரியாது என்று நினைத்துக்கொண்டிருப்பவர் ஆடிட்டர் ஒருவர்தான்.

அந்த அம்மாள் சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்பவர். ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். தவறினால் சர்க்கரை சரசரவென்று இறங்கி ஆளைச் சாய்த்துவிடும். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்து, அந்த வேலையிலேயே தலை நரைத்தவள் நான். கடைக்கு வெளியே ஆடிட்டரிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். "அவளுக்கு இதெல்லாம் பழகிப்போச்சும்மா" என்றார். பழகிப்போவதற்கு அது என்ன அடுத்த வீட்டு நாயா?

போன வாரம் எண்ணெய்க்குச் சலுகை. ஆடிட்டர் ஒரு வரிசையில் வண்டியை இடத்துக்குக் காவல் வைத்துவிட்டு, மறந்துபோன சோப்பைத் தேடிப் போய்விட்டார். வண்டிக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் நின்றோம். பக்கத்து வரிசையில் அந்த அம்மாள் எண்ணெய் கேனைக் குழந்தைபோல அணைத்தபடி நின்றார். குளிர்சாதனம் ஓடும் இடத்தில் அவருடைய நெற்றியில் வியர்வை வழிந்தது. கை நடுங்கியது. பில் போடும் பெண், "பை வேணுமாக்கா?" என்று கேட்டதற்கு, புரியாத பாஷையைக் கேட்டவர்போல் விழித்தார்.

நான் போய்த் தோளைப் பிடித்தேன். "காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"ஊசி போட்டுட்டேன்... வந்து சாப்பிட்டுக்கலாம், ஸ்டாக் தீந்துடும்னாரு..." சொல்லும்போதே நாக்கு குழறியது. சோப்புடன் திரும்பி வந்த கணவரைப் பார்த்தார். கூப்பிட வாயைத் திறந்தார். பாடம் ஞாபகம் வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டார்.

"சார், உங்க வீட்டம்மாவுக்கு சர்க்கரை இறங்கிடுச்சு. வண்டியில இருக்கற ஜூஸ எடுங்க" என்றேன்.

ஆடிட்டர் சலுகை அட்டையை அண்ணாந்து பார்த்தார். "எந்த வீட்டம்மா?"

"ஐயோ சார், வெளையாடற நேரமா இது? அக்கா விழுந்துடுவாங்க" என்றாள் பில் போடும் பெண்.

"அவங்க யாருன்னே எனக்குத் தெரியாதும்மா. அதோட, ஜூஸ் இன்னும் பில் போடல."

திராட்சைக்கு இல்லாத பில், ஜூஸுக்கு வந்துவிட்டது. அந்த ஆளோடு வாதாட எனக்கு நேரமில்லை. அவர் வண்டியிலிருந்து டப்பாவை எடுத்து உறிஞ்சுகுழலைக் குத்தினேன். பில் போடும் பெண் கல்லாவைப் பூட்டிவிட்டு ஓடிவந்து தன் முக்காலியைப் போட்டாள். எண்ணெய் கேன் நழுவி உருண்டது. உட்காரவைத்து, முழுங்க முடிகிறதா என்று பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். டப்பா காலியாகிச் சற்று நேரத்தில் முகத்தில் களை திரும்பியது. "எதுக்கு எல்லாரும் நிக்கறீங்க?" என்று வெட்கப்பட்டார். பிஸ்கட்டைப் பிரித்துக் கையில் திணித்தேன். "இதச் சாப்பிட்டுட்டுதான் எந்திரிக்கணும்."

அப்புறம்தான் ஆடிட்டர் வந்தார். கைக்குட்டையை எடுத்து மனைவியின் நெற்றியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார், இல்லை என்று சொல்லமாட்டேன்.

"முடியலன்னா சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"நீங்கதானே கூப்பிடக் கூடாதுன்னீங்க."

"சரி சரி, மெதுவாப் பேசு" என்று சுற்றிலும் பார்த்தார்.

அந்தப் பெண் கல்லாவைப் பூட்டியதால், திறந்திருந்தது இப்போது அவர் வண்டி நின்ற கவுண்டர் ஒன்றுதான். உருண்டு கிடந்த கேனைக் குனிந்து எடுத்தார். தன் சாமான்களைக் கவுண்டரில் பரப்பி, கேனின் தூசியைத் தட்டி அவற்றுக்குப் பின்னால் வைத்தார். பிறகு, ஒருவர் சாமான் இன்னொருவர் சாமானோடு கலக்காமலிருக்கக் கவுண்டரில் போட்டிருக்கும் தடுப்புக் கட்டையை எடுத்து, தன் எண்ணெய்க்கும் மனைவியின் எண்ணெய்க்கும் நடுவே நேராக வைத்தார்.