வரைபடத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றவன்

அன்று பொதுநோக்கு மண்டபத்தில் இருந்தவர்கள் வீதி அகலிப்பு அதிகாரிகள் இருவர், கிராம அலுவலர், எங்கள் வீதியின் இருபக்கமும் கடை வைத்திருந்த பதினொரு பேர். என்னுடையது சைக்கிள் திருத்தும் கடை. ஒரு பக்கத்துக் கடைகளை மட்டும் உடைப்பார்களாம் என்ற கதை வந்த நாளிலிருந்து எனக்கு நித்திரையில்லை.

அதிகாரி தன் பக்கமாக வரைபடத்தை விரித்தார். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். உடைக்கும் பக்கத்தைக் காட்டிய சிவப்புக் கோடு என் கடைக்கு மேலால் போனது. என் கடைக்கு நேரெதிரே தேத்தண்ணிக்கடை வைத்திருந்தவர் சிரித்தார்.

"உடைக்கட்டும் தம்பி. நட்டஈடு தருவினம்தானே."

"உம்மடை கடை தப்பிட்டுது, அதுதான் சிரிப்போ?"

இரும்புக் கதிரையைத் தூக்கி அவர் முகத்தில் அடித்தேன். விழுந்தவரை மறுபடியும் அடித்தேன். இரண்டு பற்கள் இரத்தத்தோடு தரையில் கிடந்தன. அவருடைய பக்கத்துக் கடைக்காரர்கள் என்னைச் சுவரோடு சேர்த்து மிதித்தார்கள். என் பக்கத்தார் அவர்கள்மேல் பாய்ந்தார்கள்.

"டேய் விசரா, படத்தைத் தலைகீழாப் பாத்திட்டாய்! உடையப்போறது அவரின்ரை கடையடா!" என்று கிராம அலுவலர் கத்தினார்.

தேத்தண்ணிக்கடைக்காரர் தனக்குத்தான் ஆறுதல் சொல்லியிருக்கிறார்.

பல் கட்டும் செலவை நான் கொடுப்பதாகப் பொலிஸில் கையெழுத்து வைத்தேன். அவர் கடையை உடைத்துவிட்டார்கள். மாதாமாதம் அவர் வீட்டுக்குப் போய்க் கொடுக்கிறேன். இன்னும் முப்பத்தெட்டாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும்.