மூன்று பேர் என்று சொன்னேன்

சபையாரே, இதை நின்றுகொண்டே சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்தால் பாதியை விழுங்கிவிடுவேன். இத்தனை வருடமாகச் சாட்சி நேரத்தில் நான் எழுந்து சொன்னதெல்லாம் காய்ச்சல் விட்டது, மகள் பாஸானாள் என்கிற மாதிரி விஷயங்கள். அதெல்லாம் சொல்ல லேசானது. இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

எமர்ஜென்சி வருவதற்கு முந்தின வருடம், மே மாதக் கடைசி. சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரட்டு எழுதுகிற வேலை எனக்கு. விடிந்ததும் ஆட்களை வரிசையில் நிறுத்தி, தலை எண்ணி, பேர் போட வேண்டும். ஒரு தலை விட்டுப் போனதாக என் மேல் யாரும் குறை சொன்னதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

எங்கள் அம்மா சாகும்போது எனக்கு நாலு வயது. எஸ்தர் அக்காவுக்குப் பதினாலு. அக்கா அன்றைக்கே கூடையைத் தூக்கினாள். கொழுந்து கிள்ளித்தான் என்னைப் படிக்க வைத்தாள். பிறகு அவளுக்கு வலிப்பு வந்தது. கல்யாணப் பேச்சு நின்றது. எங்களோடேயே இருந்தாள்.

ஆனைகட்டியில் ஒரு பிள்ளைகள் விடுதியில் எனக்கு மேற்பார்வை வேலை கிடைத்தது. குடியிருக்க வீடும் உண்டு. குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டு எழுதியிருந்தார்கள். வலிப்பு உள்ளவர்களை விடுதிப் பக்கம் சேர்க்க மாட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். மெய்யா பொய்யா என்று நான் விசாரிக்கவில்லை. நான், என் மனைவி ஞானம், கைக்குழந்தை, ஆக மூன்று பேர் என்று எழுதிப் போட்டேன். போய்ச் சேர்ந்தபிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைப்பு.

உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு வேன் வாடகைக்குப் பிடித்தேன். கட்டில், ஆட்டுக்கல், தகரப்பெட்டி, படுக்கைகள் எல்லாம் ஏற்றினோம். சாமான்களுக்கு நடுவில் இடம் பண்ணி அக்காவை உட்கார வைத்தேன். டிரைவர் பழனிச்சாமிக்கு மனசு கேட்கவில்லை.

"ஏனுங்க, அந்தம்மாவையும் முன்னாடியே நெருக்கி உக்கார வெச்சுக்கலாமுங்களே?"

"பின்னால காத்து நல்லா வரும்" என்றேன். தார்ப்பாய்க்குள் என்ன காற்று வரும்! அக்காவிடம் மட்டும் தனியாகச் சொன்னேன்: "தலைய வெளிய காட்டாத. என்ன ஆனாலும் சத்தம் போடாத."

"சரிலே தம்பி" என்றாள். சிரித்தாள் வேறு.

மூணாறு தாண்டி, மறையூர் தாண்டி, செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தினார்கள். சந்தனக் கட்டை போகிறதா என்று பார்ப்பார்கள். காவலர் மலையாளி, தமிழும் பேசுவார். மூன்று பேர் என்று எழுதியிருந்த விடுதிக் கடிதத்தைக் காட்டினேன். "எத்தனை ஆள்?" என்றார். "மூணு பேர் சார், டிரைவர் தனி" என்றேன். நோட்டில் எழுதினார். பின்னால் போய்த் தார்ப்பாயைத் தூக்கி, படுக்கை மூட்டையைத் தடியால் இரண்டு தட்டுத் தட்டினார். அந்த மூட்டைக்கு அடியில் அக்கா இருந்தாள். மூச்சுக்கூட விடவில்லை. கர்த்தர் கண்ணை மறைத்தார் என்று நான் ஸ்தோத்திரம் சொன்னேன். கேளுங்கள், பொய் பலித்ததற்கு ஸ்தோத்திரம்!

காட்டுக்குள் இறக்கத்தில் என்ஜின் சூடாகி வண்டி கொஞ்ச நேரம் நின்றது. டிரைவரும் நானும் முன்னால் தண்ணீர் ஊற்றினோம். ஞானம் குழந்தையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது பின்னால் போய் ஒரு தடவை எட்டிப் பார்த்தால் என்ன? பார்க்கவில்லை.

உடுமலைப்பேட்டையில் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். அக்காவுக்கு இட்லிப் பொட்டலத்தோடு போய்த் தார்ப்பாயை விலக்கினேன். கட்டில் இருந்தது. ஆட்டுக்கல் இருந்தது. கட்டின சாமான் அத்தனையும் இருந்தது. அக்கா இல்லை.

ஞானம் வாயில் சேலையைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க சொன்ன மூணு பேரு இப்ப நெசமாப் போச்சே" என்றாள். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

டிரைவர் வண்டியைத் திருப்பினார். அது யானை நடமாடும் காடு. வழியெல்லாம் ஜெபித்தேன். அந்த ஜெபத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "ஆண்டவரே, யாருக்கும் தெரியாமல் அவளைக் கண்டுபிடித்துக் கொடும்" என்று கேட்டேன். அவள் செத்துக் கிடப்பாளோ என்று நடுங்கிக்கொண்டே, என் வேலையையும் சேர்த்துக் காப்பாற்றச் சொல்லிக் கேட்டேன். இப்படி ஒரு மனுஷன்!

வண்டி நின்ற இடத்தில் இறங்கினோம். புதர் ஓரம் அக்காவின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. பத்தடி தள்ளி யானைச் சாணம், காயாமல். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். குரங்குகள்தான் சத்தம் போட்டன. கையில் அந்தச் செருப்போடு செக்போஸ்ட்டுக்கு ஏறினேன்.

அதே காவலர். பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்கள் ஏழெட்டுப் பேர் பக்கத்தில் இருந்தார்கள். "சார், ஒரு பொம்பள இந்தப் பக்கம் நடந்து வந்துச்சா?" என்றேன்.

"ஆரு அது? நிங்கட ஆளா?"

சபையாரே, அப்போதும் என் நாக்கு திருந்தவில்லை. "இல்ல சார், வழியில ஏத்திக்கிட்டு வந்த ஒரு பொம்பள" என்றேன்.

அவர் நோட்டைப் புரட்டினார். "மூணு பேர்னு இதில் எழுதியிருக்கு. ஆரோ ஒரு பொம்பளைக்காக எதுக்கு இத்ர தூரம் திரும்பி வந்தது?" என்று என்னையே பார்த்தார்.

என் கையில் இருந்த செருப்பைப் பார்த்தேன். அந்தச் செருப்பை நான்தான் மூணாறு சந்தையில் வாங்கிக் கொடுத்திருந்தேன். "ஆண்டவரே, ஊருக்கே தெரியட்டும். வேலை போகட்டும். அவளைக் கொடும்" என்று உள்ளுக்குள் கதறினேன். வாய் தானாகத் திறந்தது.

"சார், நான் பொய் சொன்னேன். அது என் அக்கா. என்கூடப் பிறந்த அக்கா. வலிப்பு உள்ளவ. என்னை வளர்த்தவ. நான்தான் மறைச்சு வெச்சேன்" என்று அத்தனை பேர் முன்னாலும் சத்தமாக அழுதேன்.

காவலர் நோட்டை மூடினார். "இது முன்னமே பறையக் கூடாதா?" என்று சொல்லி, பின்னால் இருந்த அறைக் கதவைத் திறந்தார்.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கையில் பால் விடாத கட்டன்சாயா. உதடு கடிபட்டு வீங்கியிருந்தது. ஒதுங்குவதற்காக இறங்கினவள், வண்டி போனபிறகு வலிப்பு வந்து ரோட்டோரம் விழுந்திருக்கிறாள். ரோடு வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர் தூக்கி வந்து சேர்த்திருக்கிறார்கள். யாரோடு வந்தாய் என்று காவலர் கேட்டுக் கேட்டுப் பார்த்தாராம். எனக்கு யாரும் இல்லை என்று சொல்லிவிட்டாளாம். அதனால்தான் சொந்தம் என்று சொல்லாத ஆளிடம் அவளைக் காட்ட அவருக்கு மனம் வரவில்லை.

என்னைப் பார்த்ததும் அக்கா மெதுவாக, "வந்துட்டியாலே? நான் ஒண்ணுமே சொல்லல" என்றாள்.

"வண்டி கிளம்பும்போது கூப்பிட்டிருக்கலாமேக்கா!"

"சத்தம் போடாதன்னு நீதானலே சொன்ன?"

கோபமே இல்லை அந்தக் குரலில். இரண்டு அறை கொடுத்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அவள் காலடியில் உட்கார்ந்து அந்தச் செருப்பைப் போட்டுவிட்டேன்.

கிளம்புமுன் காவலரிடம், "சார், மூணை அடிச்சிட்டு நாலுன்னு எழுதுங்க" என்றேன். எழுதினார். அக்கா முன்சீட்டில் ஏறினாள். நான் தார்ப்பாய்க்குள் ஏறினேன். அங்கே எவ்வளவு புழுக்கம் என்று ஆனைகட்டி போய்ச் சேரும்வரை தெரிந்துகொண்டேன்.

விடுதிப் பெரியவரிடம் வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கட்டின சாமானை அவிழ்க்கவே இல்லை, போகச் சொன்னால் போய்விடலாம் என்று. அவர் எட்டி அக்காவைப் பார்த்தார். பிறகு, "கெணத்துப் பக்கம் அந்தம்மாவத் தனியா உடாதீங்க. வாங்க, சாப்பிடலாம்" என்றார். அவ்வளவுதான்! இதற்காகவா நான் அவளை மூட்டைக்கு அடியில் வைத்தேன்?

அக்காவின் வலிப்பு நிற்கவில்லை. அதற்கும் ஜெபித்தோம், கடைசிவரை நிற்கவில்லை. ஆனால் அவள் கர்த்தரிடம் போகிறவரைக்கும் யார் வீட்டுக்கு வந்தாலும் நான் முதலில் சொல்வது, "இது எங்க அக்கா" என்றுதான். விடுதியின் அந்தக் கோடியிலிருந்து "ஏலே தம்பி!" என்று அவள் கத்திக் கூப்பிடுவாள். பிள்ளைகள் சிரிக்கும். நான் எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு ஓடுவேன். அந்தச் சத்தத்தைக் கேட்கக் கொடுத்து வைத்ததற்கு என் தேவனுக்கு நன்றி சொல்கிறேன்.

நான் கேட்ட முதல் ஜெபத்தை அவர் தள்ளிவிட்டார். அதுதான் அவர் எனக்குச் செய்த பெரிய நன்மை. உங்கள் வீட்டிலும் விருந்தாளி வரும்போது உள்ளறைக்குப் போகச் சொல்கிற ஆள் யாராவது இருக்கலாம். ஆண்டவரை நம்பி, உள்ளதை உள்ளபடி சொல்லி ஜெபியுங்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்தக் கதவைத் திறந்து, அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவர்களாகக் கூப்பிட மாட்டார்கள். சத்தம் போடாதே என்று நாம்தானே சொல்லி வைத்திருக்கிறோம்.