எண்ணெய் போனால் என்ன ஆகும், ஹனீபா நானா?

ராகலை ஹனீபா நானா மௌத்தாகிவிட்டாராம். விடியக்காலையில் நெஞ்சுவலி... ஆஸ்பத்திரி வாசல் வரைகூடப் போகவில்லையாம்.

இன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்கிறார்கள். நானோ ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி போனில் தட்டுகிறவன். எழுதப் படிக்கக் கற்றதே போன வருடம்தான். ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா இந்த மனிதர்?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தாரே, அவர்தான். முஸ்லிம் அண்ணன் என்பதால் ஊருக்கே நானா. அதற்கு முன் வளைகுடா நாட்டில், விமானம் ஓட்டப் பழக்கும் ஓர் இடத்தில் மெக்கானிக்குகளுக்கு உதவியாளாக இருந்தவர். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்காரும் சின்ன விமானம். மூக்கில் புரொப்பெல்லர்.

ஊர் திரும்பிய பிறகும் அந்த விமானத்தை விட்டு அவர் இறங்கவே இல்லை. தண்ணீர் பம்ப் மோட்டாரைக் கொண்டுபோய்க் கொடுத்தால், புரொப்பெல்லர் கதையைக் கேட்டுவிட்டுத்தான் வீடு வர முடியும். என்ன தொல்லை...

ராகலைக் குளிரில் மேசை ஃபேன் வைத்திருந்த ஒரே கடை அவருடையதுதான். அதுவும் இரண்டு!

காரணம் நான். அந்த விமான எஞ்சினில் முன்பக்கம் சுற்றும் சக்கரத்துக்கும் பின்பக்கம் சுற்றும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு தொடர்பும் கிடையாது, காற்று மட்டும்தான் என்றார் ஒருநாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"காலம் பூரா தேயிலை ஃபேக்டரியில வேல செஞ்சவன் நானு. பெல்ட்டோ சாஃப்டோ இல்லாம ஒன்னு இன்னொன்ன சுத்தாது நானா. யாருகிட்ட கத வுடுறீங்க?"

அடுத்த வாரமே இரண்டு ஃபேன்களையும் எதிரெதிரே வைத்தார். ஒன்றை மட்டும் போட்டார். வயர் சொருகாத மற்றதும் மெல்ல மெல்லச் சுற்றத் தொடங்கியது. பழுது பார்க்கக் கொடுத்த பிளெண்டரை வாங்கிப் போக வந்த பத்மா அக்கா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கத்தினார்.

"நானா, இந்தக் குளிருல ஃபேன் போட்டா நாங்க வெறச்சிச் செத்துருவோம்!"

"ஃபேன் இல்லம்மா, எஞ்சின்," என்றார் இவர். "மொதல்ல காத்த உள்ள இழுத்து நெருக்குறான். மண்ணெண்ணெய் மாதிரி ஒன்ன ஊத்தி எரிக்கிறான். அந்தச் சூட்டுக் காத்து மொத சக்கரத்த சுத்துது. அந்தச் சக்கரம் மறுபடி காத்த நெருக்குது. மிச்ச காத்து ரெண்டாவது சக்கரத்த சுத்துது. அந்த வேகத்த அப்பிடியே குடுத்தா புரொப்பெல்லர் பிஞ்சி போகும். பல்லுச் சக்கரம் வச்சிக் கொறச்சிக் குடுக்கிறான். இப்ப வெளங்குதா?"

"பிளெண்டர் எங்க நானா? பஸ் போயிரும்!" என்றார் பத்மா அக்கா.

நான் இரண்டாவது ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்தேன். நின்றுவிட்டது. முதல் ஃபேன் எதுவும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குள்ளே அப்படி ஒரு சந்தோசம்... வெளியே காட்டவில்லை. காட்டினால் இன்னும் ஒரு மணிநேரம் பேசுவார்.

பிறகு ஒருநாள் நுவரெலியாவிலிருந்து ஒன்றாக பஸ்ஸில் வந்தோம். ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். உள்ளங்கையைக் காற்றுக்குக் காட்டினால் கை பின்னால் தள்ளப்பட்டது. ஓரமாகத் திருப்பினால் காற்றை வெட்டிக்கொண்டு நின்றது. புரொப்பெல்லரின் இறக்கைகளும் பொருத்திய இடத்திலேயே இப்படித் திரும்புமாம். திருப்புவது எஞ்சினுக்குள் ஓடும் மசகு எண்ணெயின் அழுத்தமாம்.

கண்டக்டர் சிங்களத்தில் சத்தம் போட்டார், கையை உள்ளே எடுக்கச் சொல்லி. "பொட்டக் இன்ன, பொட்டக் இன்ன," என்று அவரையும் பொறுக்கச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"பறக்கக்குள்ள அந்த எண்ணெய் போச்சி எண்டு வை. எறக்க எந்தப் பக்கம் திரும்பும்?"

ராகலை வருவதற்குள் மூன்று விதமாகச் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டார்.

"வாயால சொன்னா நீ மாத்தி மாத்திச் சொல்லுவ. எழுதி அனுப்பு மாணிக்கம்."

எழுதத் தெரியாதவனிடம் கேட்கிற கேள்வியா இது? அந்த ரோசத்தில்தான் கோயில் மண்டபத்து மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தேன். என் கையால் எழுதி ஒருவருக்கு அனுப்பிய முதல் செய்தியே அவருக்குத்தான். "இறக்கை எந்தப் பக்கமும் திரும்பாது, இருந்தபடியே நிற்கும்." அனுப்பிவிட்டு மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரி இருந்தேன்.

குரல் பதிவு வந்தது. ஒரு பாராட்டு? ஒரு "நல்லா எழுதியிருக்க"? ம்ஹூம்...

"பிழை. பெல்ட் கழண்டா கம்முனு நிக்கிறதுக்கு ஒங்க ஃபேக்டரி மெஷினா அது? ஆகாசத்துல ஈக்கிது. உள்ள ஓட்டப் பழகுற புள்ள ஈக்கிறான். அவன நெனச்சி யோசி."

யோசித்தேன். சாப்பிடும்போதும் யோசித்தேன். நேற்று பஸ்ஸில் நானே ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, கண்டக்டரிடம் நானே திட்டும் வாங்கினேன். பிடிபட்டுவிட்டது! ராத்திரி பாதி எழுதி வைத்தேன், மீதியைக் காலையில் எழுதலாம் என்று. காலையில் இந்தச் செய்தி.

என்ன மனிதர் நீங்கள்? பதிலைக் கேட்டுவிட்டுப் போவதற்கென்ன?

கேளுங்கள். எண்ணெய்தான் இறக்கையைக் காற்றுக்கு முகம் காட்டும்படி தள்ளிப் பிடித்திருக்கிறது. எண்ணெய் போனால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தள்ளும், இறக்கையின் அடியில் இருக்கும் எடையும் சேர்ந்து திருப்பும். இறக்கை ஓரம் காட்டி நின்றுவிடும். காற்று அதைப் பிடித்துத் தள்ளாது. எஞ்சின் நின்றாலும் விமானம் கல் மாதிரி விழாது... மிதந்துகொண்டே போய், அந்தப் பிள்ளை இறங்க ஓர் இடம் பார்த்துக்கொள்ளலாம்.

எழுதிவிட்டேன். இனி மாற்றிச் சொல்ல மாட்டேன்.

பஸ் ஹார்ன் கேட்கிறது. மண் போட வந்துகொண்டிருக்கிறேன், நானா.