காபித் தலைவலியும் கஞ்சா நினைப்பும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் முத்தியால்பேட்டையில் குடியிருந்தோம். நான் பஞ்சாலையில் தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த வருஷத் தவக்காலத்தில் நானும் என் மனைவியும் கோயிலில் ஒன்றாகப் பொருத்தனை செய்தோம்: பாஸ்குத் திருநாள் வரைக்கும் அவள் காபி குடிப்பதில்லை, நான் கஞ்சா இழுப்பதில்லை.

மறுநாள் மத்தியானமே அவள் படுத்துவிட்டாள். நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "கண்ணுக்குப் பின்னால யாரோ இடிக்கிறாப்ல இருக்குதுங்க" என்று முனகினாள். வாந்தியும் எடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரி சுக்கை உரைத்துப் பற்றுப் போட்டாள். எனக்கோ தூக்கம் சரியாகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். உள்ளுக்குள் பெருமைகூடப் பட்டேன்.

ஐந்தாம் நாள் அவள் எழுந்து துணியை அவிழ்த்து உதறினாள். அதன் பிறகு காபி ஞாபகமே அவளுக்கு இல்லை. என் கஷ்டம் அப்போதுதான் ஆரம்பித்தது. சாயங்காலம் வேலை விட்டு வந்தால் உட்கார முடியாது. வாசலுக்கும் கிணற்றடிக்குமாக நடப்பேன். நன்றாக இருந்த கட்டில் கயிற்றை அவிழ்த்து மறுபடி பின்னினேன். சோற்றில் உப்பில்லை என்று கத்தினேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

"உங்களுக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டாள்.

"எங்கயும் இல்ல."

"அப்புறம் என்னதான் செய்யுது?"

எழுந்து வாசலுக்குப் போனேன். வலித்திருந்தால் நானும் துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பேன்.

மூன்றாவது வாரம் ஒரு மாலை, வீட்டுக்குத் திரும்பாமல் கடற்கரையில் இருக்கும் வைத்திக்குப்பத்துக்குப் போய்விட்டேன். படகு மறைவில் பழைய கூட்டாளிகள் இரண்டு பேர். கஞ்சாச் சிலும்பி கைக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், அதற்குள் இழுத்திருந்தேன்.

வீட்டில் நானே சொன்னேன். அவள் அழவில்லை. "நாளையிலேர்ந்து ஆலை வாசல்ல நிக்கிறேன்" என்றாள்.

நின்றாள். கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அவளோ விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். நேரே வீட்டுக்குப் போகாமல் கடற்கரைச் சாலையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய்த் திரும்புவோம். நான் எரிந்து விழுந்தால் அவளும் எரிந்து விழுவாள். தவக்காலம் முடியும் வரை இப்படியே போனது.

பாஸ்குப் பூசை முடிந்து வந்ததும் அவள் இரண்டு லோட்டா காபி குடித்தாள். பிறகு, "நாளைக்குத் தனியா வந்துடுவீங்களா?" என்றாள்.

"தெரியல. நீயும் வா."

மழைக்காலம் வரை வந்தாள். அதற்குள் அவள் வர முடியாத இரண்டு நாளில் அவளுக்குத் தெரியாமல் வைத்திக்குப்பம் போயிருக்கிறேன். அப்புறம் போகவில்லை. ஆனால் ரொம்ப நாளைக்கு, சாயங்காலத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் உட்கார முடியாமல் உடனே கிளம்பத்தான் தோன்றியது.